கையில் இல்லாததை விற்கலாமா?

கம்பளையில் எங்கள் புடவைக்கடை மாடியில் இருந்துகொண்டு மருமகள் ஃபேஸ்புக்கில் அபாயா விற்கிறாள். பாதிச் சரக்கு கொழும்பு மொத்தக் கடையில்தான் இருக்கும். ஓடர் வந்த பிறகே வாங்குவாள். "மாமா, இது சரியா?" என்று கேட்டாள்.

நபித்தோழர் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) இதையே நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருக்கிறார். உன்னிடம் இல்லாததை விற்காதே என்பதுதான் பதில்.

அதற்காகப் பக்கத்தை மூட வேண்டியதில்லை. மொத்தக் கடைக்காரரின் முகவராக, பேசிய கமிஷனுக்கு விற்கலாம். அல்லது ஸலம்: துணி, அளவு, நிறம், கொடுக்கும் நாள் எல்லாம் தெளிவாகச் சொல்லி முழுக் காசையும் முன்பே வாங்குவது. கேஷ் ஒன் டெலிவரி இதற்குப் பொருந்தாது. அது வேண்டுமென்றால் முதலில் சரக்கை வாங்கி வைக்கட்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை படம்தான். தலவாக்கலையில் இருந்து வாங்குகிறவர் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியை நபியவர்கள் கண்டித்தார்கள்; தையல் பிரிந்த பக்கத்தை மறைத்து எடுத்த படமும் அதே ஏமாற்றுத்தான். குறையை மறைத்து விற்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. 'விற்ற பொருள் மீளப்பெறப்படமாட்டாது' என்று எழுதி வைத்தாலும் அந்த உரிமை போகாது. அந்த வரியை உடனே அழிக்கச் சொல்லிவிட்டேன்.