இடுப்பு உடைந்த பிறகும் அத்தை நடக்கிறார்

எழுபது வயதுக்கு மேல் விழுந்து இடுப்பு உடைந்தால் அப்புறம் படுக்கைதான் என்று பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். என் மாமியாருக்கும் அதையேதான் சொன்னார்கள். போன வருஷம் ஒரு ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் நிலைப்படியில் தடுக்கி விழுந்தார். இன்று கைத்தடி ஊன்றிக்கொண்டு ரேஷன் கடை வரைக்கும் போய் வருகிறார். வீட்டில் பெரியவர்களை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடுவில் நடந்ததை எழுதுகிறேன்.

விழுந்ததும் அத்தையால் காலை அசைக்கவே முடியவில்லை. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இப்படி இருந்தால் பெரும்பாலும் இடுப்புப் பக்கம்தான் உடைந்திருக்கும். இழுக்கவோ நீவவோ கூடாது. 108-க்குப் போன் செய்து, கடைசியில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அதற்குள் சொந்தக்காரர்கள் கட்டுக் கட்டும் ஊர்களின் பேரையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உடைந்திருந்தது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி. மேலே இருக்கும் பந்து போன்ற தலைக்கு ரத்தம் அந்தக் கழுத்து வழியாகத்தான் போகிறது. அது அறுபட்டுவிட்டால் இந்த வயதில் எலும்பு கூடுவது சந்தேகம். அதனால் பந்தை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைப்பதே நல்லது என்றார். படம் பார்த்த பிறகு யாரும் கட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது. ரேஷன் கார்டும் ஆதாரும் கையில் இருந்தன, காப்பீட்டு அட்டையும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தோம். அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்க வேண்டும். ஆள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அதற்கு அலைவது பெரும்பாடு.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அத்தையை எழுப்பி நிற்க வைத்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "வயசான காலத்துல ஏன் போட்டு வதைக்கிறீங்க?" என்று ஒரு பெரியம்மா என்னிடமே கேட்டார். ஆனால் படுத்தே கிடந்தால்தான் ஆபத்து. காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், இருக்கிற தசையும் வேகமாகக் கரையும். எலும்பை டாக்டர் சரிசெய்துவிட்டார். தொடைக்குப் பலம் ஏற்றுவது வீட்டில் இருக்கும் நம் வேலை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினோம். இடுப்பைவிட முட்டி மேலே போகிற மாதிரி உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வைத்த பந்து நழுவாமல் இருக்கத்தான் இதெல்லாம். தரையில் உட்கார்ந்தே பழகிய அத்தைக்கு அதுதான் பெரிய கஷ்டம். கீழே உட்கார்ந்து கீரை ஆய முடியவில்லை என்று அழுதே விட்டார். உயரமான நாற்காலியும் மடியில் ஒரு முறமும் கொடுத்தேன். கழிப்பறைக்கு நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி வாங்கினோம்.

அப்புறம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் வீட்டுக்கே வந்தார். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. சுகர், பிரஷர் மாத்திரைக்கு மட்டும்தான் வருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பிசியோதெரபியும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பழக்கினார். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. "பாட்டி, கையை ஊனாம எந்திரிங்க பார்ப்போம்" என்பார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு எழுவார். வாக்கரில் முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், கடைசியில் நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால். கைத்தடியை நோகிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் அதே பக்கத்தில்தான் பிடிக்கிறார்கள். அத்தை இப்போது அவர்களையும் நிறுத்தித் திருத்துகிறார்.

சாப்பாட்டுக்கு ஆளாளுக்கு ஆட்டுக்கால் சூப் சொன்னார்கள். கொடுத்தோம், தப்பில்லை. ஆனால் தசைக்குத் தேவை புரதம் என்பதால் தினமும் முட்டை, பச்சைப்பயறு, மோர் என்று சேர்த்தோம். களி எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அதில் எங்களுக்குக் குறையில்லை.

எங்கள் பகுதிக்கென்றே இன்னொரு சிக்கல், தண்ணீரில் ஃப்ளோரைடு. அத்தை சின்ன வயதிலிருந்து போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், பல்லெல்லாம் பழுப்புக் கறை. வருஷக்கணக்கில் அதைக் குடித்தால் மூட்டு இறுகும், எலும்பு கெட்டியாகத் தெரிந்தாலும் எளிதில் உடையும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வர ஆரம்பித்தது. இப்போது குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர் மட்டும்தான். அது வராத நாளுக்குக் குடத்தில் பிடித்து வைக்கிறோம்.

ஏன் விழுந்தார் என்பதையும் கண்டுபிடிக்கச் சொன்னார் டாக்டர். படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார்கள். நின்றதும் மேல் அளவு இருபதுக்கு மேல் இறங்கியது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். எழுந்தவுடன் நடக்காமல் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் அத்தை இப்போது இறங்குகிறார். நிலைப்படி மேல் ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பு எரிகிறது.

வலது கண்ணில் புரை இருப்பதும் இந்தப் பரிசோதனைகளில்தான் தெரிந்தது. அடுத்த மாதம் அதற்கு ஆபரேஷன். இந்தத் தடவை நாங்கள் சொல்வதற்கு முன்பே அத்தை காப்பீட்டு அட்டையை எடுத்துப் பையில் வைத்துவிட்டார்.