டொரன்டோவில் இருந்துகொண்டே ‘அவுட்லேண்ட்’ போட்ட கதை

2024 பிப்ரவரியில் என் கணவர் விசிட்டர் விசாவில் டொரன்டோ வந்து சேர்ந்தார். அதற்கு ஐந்து மாதம் முன்புதான் கும்பகோணத்தில் எங்களுக்குக் கல்யாணம். நான் 2022-இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற திறன்சார் குடியேற்ற வழியில் பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, வாங்கியவள். அவருக்கும் அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இன்லேண்ட், அவுட்லேண்ட் என்று இரண்டு வழி. நான் ஸ்பான்சர், அவர் விண்ணப்பதாரர், இருவரும் ஒரே வீட்டில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்: “இங்கேதானே இருக்கார்? அப்போ இன்லேண்ட்தான்.”

ஒரு குடிவரவு ஆலோசகரிடமும் காசு கொடுத்துக் கேட்டோம். அவரும் அதையே, இன்னும் உறுதியாகச் சொன்னார். “அவுட்லேண்ட் போட்டால் வேலை பார்க்க முடியாது, ஊருக்குத் திரும்பிப் போய் உட்கார வேண்டும்” என்றார். வீட்டுக்கு வந்து அரசு வழிகாட்டியை நாங்களே வரி வரியாகப் படித்தபோதுதான் அவர் சொன்ன இரண்டுமே சரியில்லை என்று தெரிந்தது.

கனடாவில் வாழ்க்கைத்துணையை ஸ்பான்சர் செய்ய இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று, கனடாவுக்குள் ஸ்பான்சரோடு சேர்ந்து வசிக்கும் துணைக்கானது. பேச்சுவழக்கில் இன்லேண்ட். இன்னொன்று ஃபேமிலி கிளாஸ், அதாவது அவுட்லேண்ட். இன்லேண்டுக்குக் கனடாவில் சேர்ந்து வாழ்வது கட்டாயம். ஆனால் அவுட்லேண்டுக்கு வெளிநாட்டில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கனடாவில் இருப்பவரும் அதில் போடலாம். பெயரை வைத்து எல்லோரும் ஏமாந்துபோகிறோம், அவ்வளவுதான்.

ஆலோசகர் சொன்னது ஒரு காலத்தில் பாதி உண்மை. 2014 டிசம்பரில் இன்லேண்ட் விண்ணப்பதாரர்களுக்கு மட்டும் ஓபன் வொர்க் பெர்மிட், அதாவது யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கும் அனுமதி, கொடுக்க ஆரம்பித்தார்கள். பல வருஷம் அதற்காகவே எல்லோரும் இன்லேண்ட் போட்டார்கள். 2023 மே மாதம் அது மாறியது. கனடாவில் ஸ்பான்சரோடு இருக்கிற அவுட்லேண்ட் விண்ணப்பதாரருக்கும் ஓபன் வொர்க் பெர்மிட் உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். அந்தச் செய்தி மட்டும் இன்னும் பல பேர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

சரி, இரண்டிலும் வேலை பார்க்கலாம் என்றால் எதை வைத்து முடிவெடுப்பது? எங்கள் வீட்டில் அதை முடிவு செய்தது மாமாவின் சிறுநீரகம். மாமனாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எந்த ராத்திரி போன் வரும் என்று தெரியாது. இவர் ஒரே பையன். இன்லேண்ட் போட்டவர் கனடாவை விட்டு வெளியே போகக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் போனவரைத் திரும்ப உள்ளே விடுவார்கள் என்று உத்தரவாதம் கிடையாது. விடாவிட்டால் ‘கனடாவில் சேர்ந்து வாழ்வது’ என்கிற அடிப்படையே போய்விடும், விண்ணப்பமும் அதோடு சரி. அவுட்லேண்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்பினாலும் விண்ணப்பம் அதன் பாட்டுக்கு நடக்கும்.

இரண்டாவது காரணம் அப்பீல். அவுட்லேண்ட் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், ஸ்பான்சர் 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய சாட்சியம் கொடுக்கலாம், நேரில் பேசலாம். இன்லேண்டில் அந்த உரிமையே இல்லை. ஃபெடரல் கோர்ட்டில் மறுபரிசீலனைக்கு அனுமதி கேட்கலாம், அதற்கும் 15 நாள்தான் கெடு. கோர்ட் பார்ப்பது அதிகாரி முடிவெடுத்த முறையில் தவறு உண்டா என்பதை. நம் கல்யாணம் நிஜமா என்று அவர்கள் புதிதாக விசாரிப்பதில்லை.

நல்ல கல்யாணத்துக்கு எதற்கு அப்பீல் என்று கேட்கலாம். எங்களுடையது வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம். ஜூனில் பெண் பார்க்க வந்தார்கள், ஜூலையில் நிச்சயம், செப்டம்பரில் தாலி. இதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒட்டாவாவில் கோப்பைப் புரட்டுகிற ஒருவருக்கு, இரண்டே தடவை நேரில் பார்த்துவிட்டு வாழ்நாள் முடிவு எடுத்த இரண்டு பேராகத்தான் தெரிவோம். அந்த நினைப்பு என்னைத் தூங்க விடவில்லை.

அவுட்லேண்டிலும் ஒரு பாதகம் உண்டு. நேர்காணல் வைத்தால் அது வெளிநாட்டில் உள்ள விசா அலுவலகத்தில் இருக்கலாம், சொந்தச் செலவில் போய்வர வேண்டும். எப்படியும் ஊருக்குப் போகவேண்டி வரும் என்று இருந்த எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. எங்கள் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “உங்களுக்குப் போய்வர விசா இருக்கு தங்கச்சி. இவருக்கு ஸ்டேட்டஸே முடிஞ்சு போச்சு. வெளிக்கிட்டா திரும்பி வர ஏலாது. நாங்கள் உள்ளுக்க போடுறதை விட்டா வேற என்ன செய்யிறது?” அவர் சொன்னது முழுக்கச் சரி. விசா காலம் தாண்டித் தங்கிவிட்ட துணைக்கும் இன்லேண்டில் இடம் கொடுக்கும் பொதுக் கொள்கை ஒன்று 2005-லிருந்து இருக்கிறது. அவர்களுக்கு அதுதான் கதவு.

முடிவெடுத்த பிறகு படிவங்கள். இங்கே எங்களை அலைக்கழித்தது பெயர். இவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. கல்யாணப் பதிவுச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கிறது. டிகிரி சான்றிதழில் இனிஷியல் பின்னால். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்று வழிகாட்டியில் இருக்கிறது. நாங்கள் அதைக் கவனிப்பதற்குள் இரண்டு படிவத்தில் மாமா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தோம். எல்லாவற்றையும் திருப்பி எழுதினோம். மூன்று விதமாக இருக்கும் பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு அபிடவிட்டும் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) வாங்கி வைத்தோம்.

ஸ்பான்சர் படிவமான ஐஎம்எம் 1344-இல் ஒரு கேள்வி சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். ஸ்பான்சருக்குத் தகுதி இல்லை என்று முடிவானால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்குகிறீர்களா, தொடர்கிறீர்களா என்பது. வாபஸ் என்றால் ஸ்பான்சர் கட்டணம் (அப்போது 85 டாலர்) போக மீதிப் பணம் திரும்ப வரும். ஆனால் அப்பீல் உரிமை போய்விடும். பணம் திரும்பும் என்று பார்த்ததும் அதில் டிக் போடத்தான் கை போகும். அப்பீலுக்காகவே அவுட்லேண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதை இங்கே விட்டுக்கொடுப்பதில் அர்த்தமில்லை என்று ‘தொடர்க’ போட்டோம்.

உறவு பற்றிய ஐஎம்எம் 5532 படிவத்துக்கு மட்டும் இரண்டு வார இறுதிகள் போயின. எப்படிச் சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தார்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று போகும். தரகர், ஜாதகம், நிச்சயத் தாம்பூலம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு அந்நியருக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும். போட்டோக்களில் மண்டபத்துப் படங்களைக் குறைத்தோம். ஹாஸ்பிடல் வராண்டாவில் மாமா பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும் படத்தைச் சேர்த்தோம். கல்யாணத்துக்கும் இவர் வந்ததற்கும் இடையிலான மாதங்களின் வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியலையும் வைத்தோம். கல்யாணப் பத்திரிகையை மொழிபெயர்த்துக் கொடுத்தோம். இங்கே வந்த பிறகு போட்ட ஜாயின்ட் அக்கவுன்ட், இருவர் பெயரிலும் மாற்றிய வாடகை ஒப்பந்தம், இவையும் உண்டு.

போலீஸ் சான்றிதழை இவர் கிளம்புவதற்கு முன்பே திருச்சியில் வாங்கி வந்தது புண்ணியம். துணையை ஸ்பான்சர் செய்யப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் எதுவும் கேட்பதில்லை. மூன்று வருஷத்துக்கு அவருடைய அடிப்படைச் செலவுக்கு நான் பொறுப்பு என்று மட்டும் கையெழுத்திட வேண்டும். அப்போது கட்டணம் மொத்தம் 1,205 டாலர், பயோமெட்ரிக்ஸுக்கு (கைரேகை, புகைப்படம்) இன்னொரு 85. ஏப்ரல் 30-ஆம் தேதிதான் கட்டணத்தை உயர்த்தியிருந்தார்கள். பெயர்க் குழப்பத்தில் நாங்கள் ஜூன் வரை இழுத்ததற்கு அதுவும் ஒரு தண்டம்.

ஜூலைக் கடைசியில் விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகைக் கடிதம் வந்தது. இவருடைய ஆறு மாத விசிட்டர் காலம் ஆகஸ்டில் முடிகிறது. முடிவதற்குள் 255 டாலர் கட்டி ஓபன் வொர்க் பெர்மிட்டுக்குப் போட்டோம். முடிவு வரும்வரை விசிட்டராகவே சட்டப்படி இருக்கலாம், வேலை மட்டும் பார்க்க முடியாது. சமையல் முழுக்க அவர் கைக்கு வந்தது அப்போதுதான். அக்டோபரில் பெர்மிட் வந்தது, ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார்.

நவம்பர் நடுவில் அந்த போன் வந்தது. மாமாவை ஐசியுவில் சேர்த்திருக்கிறார்கள் என்று அத்தை அழுதார். அன்றைக்கே டிக்கெட் போட்டோம். வொர்க் பெர்மிட் என்பது நுழைவு விசா அல்ல, கிளம்புமுன் பாஸ்போர்ட்டில் உள்ள விசிட்டர் விசாவின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் பல முறை வந்துபோக இடமிருந்தது. ஐந்து வாரம் இருந்துவிட்டு, மாமா வீடு திரும்பியதைப் பார்த்துவிட்டு வந்தார். பியர்சன் விமான நிலையத்தில் அதிகாரி இரண்டு கேள்வி கேட்டாராம். எதற்குப் போனீர்கள், மனைவி எங்கே இருக்கிறார். அவ்வளவுதான். அந்த ஐந்து வாரமும் நான் இங்கே கவலைப்பட்டது மாமாவைப் பற்றி மட்டும்தான், விண்ணப்பத்தைப் பற்றி இல்லை.

நேர்காணல் வைக்கவே இல்லை. 2025 ஏப்ரலில் பிஆர் போர்ட்டலில் இருந்து, அதாவது பிஆரை உறுதி செய்யும் கடைசிக் கட்டத்துக்கான இணையதளத்தில் இருந்து, மின்னஞ்சல் வந்தது. அதில் முதலில் உறுதி செய்யச் சொன்னது, இவர் இப்போது கனடாவுக்குள் இருக்கிறாரா என்பதை. சமையலறையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, அவரையே ‘ஆம்’ என்று அழுத்தச் சொன்னேன்.