நொதுமல் ஆளியில் நான் சறுக்கிய கதை

வெள்ளிக்கிழமை மின்பொறியியல் பரீட்சைப் பெறுபேறு வந்தது. இரண்டாம் தடவையில் சித்தி. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டார். எனக்கோ முதல் தடவையின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. 11 கிலோவோல்ற்று, 10 எம்விஏ (மெகாவோல்ற்று அம்பியர்) மின்பிறப்பாக்கி. அதன் நொதுமல், அதாவது மூன்று அவத்தைச் (phase) சுருள்களும் ஒன்றுசேரும் புள்ளி, ஒரு தடையியின் ஊடாகப் புவியுடன் இணைகிறது. ஒரு அவத்தை நிலத்தைத் தொட்டால் ஓடும் புவிவழு மின்னோட்டம் 400 அம்பியர், 10 செக்கன். நொதுமலுக்கும் தடையிக்கும் நடுவிலுள்ள ஆளிக்கு என்ன பெறுமானங்கள் குறிப்பிடுவீர்கள்?

நான் எழுதியது 1 கிலோவோல்ற்று, 630 அம்பியர். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் 400 வோல்ற்று மின்பிறப்பாக்கி ஒன்று நிற்கிறது. மின்வெட்டு நாட்களில் அதன் பக்கத்தில் நின்றுதான் நான் மின்பிறப்பாக்கி படித்தேன். அதன் நொதுமல் வடம் தடித்தது; வீடுகளின் சமனற்ற சுமையைச் சுமப்பது. அந்த வடமே பரீட்சை மண்டபத்திலும் கண்ணுக்குள் நின்றது. முழுச்சுமை 525 அம்பியர், ஆகவே 630. நொதுமலில் வோல்ற்றளவு பூச்சியம்தானே, 1 கிலோவோல்ற்று தாராளம்!

ஒரு அவத்தை நிலத்தைத் தொட்டால் அந்தப் பூச்சியம் 6.35 கிலோவோல்ற்றாக எழும்பிவிடும். என் ஆளி அப்போதே பொறி பறந்து முடிந்திருக்கும். வேண்டியது 12 கிலோவோல்ற்று வகுப்பு: ஒரு நிமிடச் சோதனையில் 28 கிலோவோல்ற்றையும் மின்னல் கணத்தாக்கில் 75 கிலோவோல்ற்றையும் தாங்குவது. 630 தற்செயலாகச் சரி. பட்டியலில் கிடைக்கும் சிறிய அளவுகளில் அதுவும் ஒன்று. சாதாரண வேளையில் அந்த ஆளியில் ஓடுவது மூன்றாம் இசையத்தின் (அடிப்படை மீடிறனின் மும்மடங்கில் வரும் மின்னோட்டத்தின்) சிறு கசிவு மட்டுமே. முழுச்சுமைக்கு அங்கே வேலையே இல்லை.

அதன்பின் எனக்கு ஒரே வழிதான். எண் எதுவும் எழுதுமுன் இரண்டு படங்கள்: வழு இல்லாதபோது ஒன்று, ஒரு அவத்தை நிலத்தில் கிடக்கும்போது மற்றது. இரண்டிலும் ஆளியின் மேல் வோல்ற்றளவு, மின்னோட்டம், நேரம். 101 ஆம் இலக்க பஸ்ஸில் டிக்கெட்டின் பின்புறத்தில்கூட வரைந்திருக்கிறேன். குழுவாகப் படிப்பது சிலருக்குப் பலன் தரலாம். எனக்கு அது தேநீரும் அரட்டையும்தான்.

மற்றவை சுருக்கமாக:

- தடையியை முதலில் கணியுங்கள்: 6350 ஐ 400 ஆல் வகுக்க 15.9 ஓம்.
- ஆளிப் பட்டியலில் குறுநேரத் தாங்குதிறன் (சேதமின்றித் தாங்கும் வழு மின்னோட்டம்) 1 அல்லது 3 செக்கனுக்கே இருக்கும். கேள்வி 10 செக்கன் என்றால் மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கி ஒப்பிட்டுக் காட்டுங்கள்.
- தடையியை நேரே தொடுக்காமல் நிலைமாற்றி (transformer) ஒன்றின் வழி தொடுக்கும் புவித்தொடுப்பில் மின்னோட்டம் 10 அம்பியர் அளவுக்கு இறங்கும். ஆளி நொதுமலுடன் இணையும் முதன்மைப் பக்கத்தில் நின்றால் வோல்ற்றளவு இறங்காது.
- வெறும் தனிப்படுத்தி (மின்னோட்டம் ஓடாதபோது திறக்கும் ஆளி) வழு மின்னோட்டத்தை வெட்டாது. ஓடும்போதே நொதுமலை மாற்றவேண்டும் என்றால் சுற்றுடைப்பான் கேளுங்கள்.

இம்முறை 6.6 கிலோவோல்ற்றில் கேட்டார்கள். விடைத்தாளின் ஓரத்தில் இரண்டு படங்கள், வழுவின்போது 3.81 கிலோவோல்ற்று, ஆகவே 7.2 கிலோவோல்ற்று வகுப்பு. படங்களை அடிமட்டம் வைத்து வரைந்துகொண்டிருந்ததில் கடைசிக் கேள்விக்கு ஏழு நிமிடமே மிஞ்சியது.