பெயர்ப் பலகையை மாற்றினால் போதும் என்று நினைத்தோம்

நலிந்துபோன ஒரு ஹோட்டலை வாங்கி முதியோர் பராமரிப்பு இல்லமாக மாற்றுவோம் என்று நானும் அக்காவும் முடிவெடுத்தபோது எங்கள் கணக்கு எளிமையாக இருந்தது. மூன்று தளங்கள், 42 அறைகள், அறைக்கொரு குளியலறை, பெரிய சமையற்கூடம், லிப்ட். கட்டிலையும் பெயர்ப் பலகையையும் மாற்றினால் வேலை முடிந்தது. அக்கா நீண்ட காலம் செவிலியராக இருந்தவர். பராமரிப்பு அவர் பாடு, கட்டடமும் காகிதமும் என் பாடு. என் பாடுதான் பெரும்பாடாகப் போனது.

அனுமதி என்பது ஒன்றல்ல, மூன்று என்று எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. அந்த மனையில் என்ன நடக்கலாம் என்பது நிலப் பயன்பாட்டு வகைப்பாடு. அதற்குக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பது கட்டட விதியும் தீப் பாதுகாப்பும். அதை யார், எத்தனை ஊழியர்களை வைத்து நடத்தலாம் என்பது பராமரிப்பு உரிமம். ஒரு மேசையில் போய் நின்றால் அடுத்த மேசையின் கடிதத்தைக் கேட்பார்கள். பயன்பாட்டு மாற்றம் கிடைத்தால் மட்டுமே கிரயம் என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் வழக்கறிஞர். விற்பவர் முகம் சுளிப்பாரே என்று விட்டுவிட்டேன். அந்தக் கூச்சத்துக்குப் பூட்டிக் கிடந்த கட்டடத்தின் மேல் 11 மாத வட்டி கட்டினேன்.

வகைப்பாட்டை மாற்ற அக்கம்பக்கத்தாரை அழைத்து நடத்தும் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்தை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். வாகன நிறுத்தம், ஆம்புலன்ஸ் சத்தம், மனை விலை என்று எதிர்பார்த்த ஆட்சேபங்களே வந்தன. இங்கே வசிக்கப் போகிறவர்கள் கார் ஓட்டப் போவதில்லை. ஊழியர்கள் பணி மாறும் வேளையில் மட்டுமே நெரிசல் என்று கணக்கைக் காட்டியதும் பேச்சு தணிந்தது. பின்வீட்டு அம்மையார் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "சலவை இயந்திரங்கள் இரவிலும் ஓடுமா?" ஓடும். ஹோட்டலைவிடப் பராமரிப்பு இல்லத்தில் சலவை பல மடங்கு. அவர் கேட்டது நியாயம் என்பதால் சலவைக்கூடத்தைச் சாலைப் பக்கம் மாற்றி வரைபடத்தைத் திருத்தினோம். வகைப்பாடு மாறியது.

உண்மையான சோதனை அதற்குப் பிறகு வந்தது. தீயணைப்பு அதிகாரி மூன்று தளங்களையும் சுற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இரவு 2 மணிக்கு அபாய மணி அடித்தால், எத்தனை பேர் தாங்களாகவே எழுந்து படியிறங்குவார்கள்?"

நான் அக்காவைப் பார்த்தேன். "பாதிப் பேர்கூட மாட்டார்கள் சார்" என்றார் அக்கா.

"அப்படியானால் இது ஹோட்டலுக்கு உறவே இல்லை அம்மா. மருத்துவமனைக்கு அண்ணன் தம்பி."

ஹோட்டலில் தீ என்றால் எல்லோரும் விழித்துக்கொண்டு ஓடுவார்கள் என்பதை நம்பித்தான் கட்டியிருப்பார்கள். ஓட முடியாதவர்களை முதலில் கீழே இறக்குவதில்லை, பக்கவாட்டில் நகர்த்துகிறார்கள். ஒவ்வொரு தளத்தையும் தீ தாங்கும் சுவராலும் கதவாலும் பிரித்து, எரியும் பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிச் செல்ல வேண்டும். எங்கள் பொய்க்கூரையைத் திறந்து பார்த்தால், அறைச்சுவர்கள் எல்லாம் அந்தப் பொய்க்கூரை மட்டத்தோடு நின்றுவிட்டன. மேலே தளம் வரை வெற்றிடம். ஓர் அறையில் புகை எழுந்தால் வரிசை முழுவதும் போய்ச் சேரும். அத்தனை சுவர்களையும் உயர்த்திக் குழாய், கம்பி போகும் துளைகளையெல்லாம் அடைத்தோம். கண்ணுக்கே தெரியாத இந்த வேலைதான் பணத்தை விழுங்கியது.

நடைவழி 1.5 மீட்டர். கட்டிலோடு நகர்த்துவதற்குச் சில விதித்தொகுப்புகள் ஏறத்தாழ 2.4 மீட்டர் கேட்கின்றன. சுவரைத் தள்ளி வைக்க முடியாது, தூண்கள் நிற்கின்றன. பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு வழி சொன்னவர் அக்காதான். "கீழே அந்த விழா அரங்கு சும்மாதானே கிடக்கிறது?" தூணே இல்லாத அந்த அரங்கைப் பிரித்து, அகன்ற நடைவழியோடு, படுக்கையிலேயே இருப்பவர்களுக்கான பகுதியாக்கினோம். முதல் தளத்தில் நடமாடக்கூடியவர்கள் மட்டும். மேல் தளத்தில் முதியோர் தங்கவே கூடாது என்று எழுதிவிட்டார்கள். எங்கள் 42 இப்படித்தான் 27 ஆனது.

குளியலறைகளைப் பற்றி ஹோட்டல் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கையில் அளவுநாடாவோடு போங்கள். கதவு 60 செ.மீ. இருந்தது, சாதாரணச் சக்கர நாற்காலியே அதைவிட அகலம். உள்ளே திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். தொட்டிகளைப் பெயர்த்தெடுத்துத் தரையைச் சமமாக்கினோம். வாசலில் மூன்றே படிகள், 45 செ.மீ. உயரம்தான். 1:12 சரிவில் அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீண்டு பூச்செடிகளைத் தின்றது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் குழாயில் தேங்கிய நீரில், கடும் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரலாம். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் மாநாடு கூடிய 'அமெரிக்கன் லீஜியன்' என்ற முன்னாள் படைவீரர் அமைப்பினரைத் தாக்கியதால்தான் அந்தக் கிருமிக்கும் நோய்க்கும் அப்படிப் பெயர் வந்தது. கிருமி அழிய நீரை 60 டிகிரியில் சேமிக்க வேண்டும், மூத்தோரின் மெல்லிய தோல் வெந்துவிடாமல் குழாயில் 43 டிகிரியைத் தாண்டாமல் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில், வெந்நீரில் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்க, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கலப்பு வால்வு.

உரிமம் வந்து இப்போது இல்லம் நடக்கிறது. மேல் தளத்தில் ஊழியர்கள் சில அறைகளில் தங்குகிறார்கள், மற்றவை காலி. தொலைவிலிருந்து பெற்றோரைப் பார்க்க வருகிறவர்கள், "இரண்டு நாள் தங்க அறை கிடைக்குமா, வாடகை தருகிறோம்" என்று கேட்கிறார்கள். விசாரித்தேன். வாடகை வாங்கினால் அது தங்கும் விடுதிப் பயன்பாடாம். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமாம். இப்போதைக்கு இலவசமாகவே சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.