எழுவான்கரை வீடு: உள்வேலை நாட்குறிப்பு

பெப்ரவரி 4, 2025

மட்டக்களப்பு, ஆரையம்பதி. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் மணல்: இதுதான் எழுவான்கரை. அத்திவாரக் கயிறு கட்ட இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. ஆனால் டைல்ஸ் அளவை இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும்.

கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்று விற்கும் டைல் உண்மையில் 600 மி.மீ., அதாவது 23⅝ அங்குலம். பூச்சுக்குப் பூச்சு, அதாவது பூசி முடித்த சுவருக்குச் சுவர், 12 அடி (3658 மி.மீ.) வரும் அறையில், 2 மி.மீ. இடைவிட்டு ஆறு டைல் வைத்தால் 3610 மி.மீ. போகும். மிச்சம் 48 மி.மீ. சுவரோரம் மூன்று விரல் அகலத்தில் ஒரு பட்டி ஓடும், அதுவும் வெட்டும்போதே பாதி உடையும். நல்ல மேசன் அப்படி விடமாட்டார். நடுவிலிருந்து பிரித்து, இரு ஓரத்திலும் 320 மி.மீ. துண்டு வரப் பண்ணுவார். பார்வைக்கு அழகுதான், ஆனால் ஒரு டைலில் அப்படி ஒரு துண்டுதான் எடுக்கலாம். 12க்கு 14 அறைக்குப் பரப்புக் கணக்கில் 44 டைல் போதும்; இந்த முறையில் 7 × 8 = 56 வேண்டும். கடைக்காரர் பத்து வீதம் கூட்டித் தந்த 12 பெட்டியில் (பெட்டிக்கு 4) 48தான் இருக்கும். திரும்பப் போய்க் கேட்டால் அதே 'பச்' (ஒரே தடவையில் சுட்ட தொகுதி) கிடைக்காது, நிறம் சற்று மாறும்.

வரைபடத்தில் உள்ள 12 அடி கல்லுக்குக் கல்லா, பூச்சுக்குப் பூச்சா? முதலில் கேட்க வேண்டியது அது. கல்லுக்குக் கல் என்றால் இரு பக்கமும் அரை அங்குலப் பூச்சுப் போக 11 அடி 11 அங்குலம் நிற்கும். ஆறு டைல் முழுசாக உட்கார்ந்து, சுவரோரம் 11 மி.மீ. வெளி மிஞ்சும். ஸ்கேர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் டைல் துண்டு) அதை மூடிவிடும். மற்றப் பக்கத்தைக் கல்லுக்குக் கல் 13 அடி 11½ அங்குலமாக வைத்தால் ஏழு டைலும் சரி. அரை அங்குலத்தைக் கயிற்றில் குறைக்கச் செலவே இல்லை. 42 டைல், ஸ்கேர்ட்டிங்குக்கு 5, உடைவுக்கு 3 என்று 13 பெட்டியில் முடியும். இல்லாவிட்டால் 15.

மார்ச் 9

நிலத்தடி. இந்தக் கரையில் தண்ணி ஆழத்தில் இல்லை, மாரியில் இன்னும் மேலே வரும். சவர்த் தண்ணி சுவருக்குள் ஏறி, கோடையில் காய்ந்து, உப்பை மேலே விட்டுவிட்டுப் போகும். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயின்ற் பொருக்கு விடும் வீடுகளில் பழி பெயின்றுக்குத்தான் போகிறது. அங்கே அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை இருக்காது, அல்லது வெளிப்பூச்சு அதைத் தாண்டி மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

தரைக் கொங்கிறீற்றுக்குக் கீழே 1000 கேஜ் தடிப்புப் பொலித்தீன். சேருமிடத்தில் 6 அங்குலம் மேல்விழ வைத்து நாடா ஒட்ட வேண்டும், ஓரத்தைச் சுவரின் ஈரத்தடுப்புப் படை வரை மடித்து ஏற்ற வேண்டும். கம்பி குத்திக் கிழித்த இடங்களைக் கொங்கிறீற் போடுமுன் ஒட்டிவிட வேண்டும். பிறகு வழியில்லை.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கட்டுகிறவர்களுக்கு வேறு கவலை. வயற்களி மாரியில் வீங்கும், கோடையில் வெடிக்கும். அங்கே பொலித்தீனோடு களியைத் தோண்டி எடுத்துக் கிறவல் நிரப்பி இறுக்குவதும் வேண்டும். செய்யாவிட்டால் எவ்வளவு விலையான டைலும் கொங்கிறீற் வெடித்த கோட்டிலேயே வெடிக்கும்.

ஏப்ரல் 6

புத்தாண்டுக்கு ஓடாவிமார் (மரவேலைக்காரர்) ஊருக்குப் போகுமுன் மரம் தெரிவு செய்து வைத்தாயிற்று. கதவு செய்ய ஓகஸ்ட் ஆகும். அதுவரை நிழலில், நிலத்தில் படாமல், பலகைகளுக்கிடையே குச்சி வைத்து அடுக்கிக் காற்றில் விட வேண்டும்.

கதவு நிலைக்கு முதிரை அல்லது பாலை, கதவுக்குத் தேக்கு. பாலை பாரம் கூடிய மரம். துளை போடாமல் ஆணி அடித்தால் பிளக்கும். கையில் காசு குறைவென்றால் வைரமேறின வேம்பும் நல்லதே. எந்த மரமானாலும் ஓரத்து வெள்ளையை (வைரமேறாத வெளிர்ப் பகுதியை) கழித்துத்தான் வாங்க வேண்டும். கறையான் முதலில் தொடுவது அதைத்தான். 'தேக்கு' என்ற பேரில் பாதி வெள்ளையோடு வரும் பலகையைவிட முழு வைரமான வேம்பு மேல். போக்குவரத்து அனுமதிப் பத்திரம் இல்லாத மரத்தை மலிவென்று ஏற்ற வேண்டாம், வழியில் பிடித்தால் மரமும் போகும் வாகனமும் மாட்டும்.

யூன் 1

உட்பூச்சு, சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து. அரை அங்குலத் தடிப்பில் 100 சதுர அடிக்கு முக்கால் மூடை சீமெந்து. கீழே விழுவதையும் சேர்த்தால் ஒரு மூடை. ஆற்று மணல்தான், கடல் மணல் ஒரு கூடைகூடக் கலக்கக் கூடாது. ஒரு போத்தலில் பாதிக்கு மணலும் மிச்சத்துக்குத் தண்ணியும் விட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வைத்தால், மணலுக்கு மேல் சேறு தனிப்படையாக நிற்கும். மணல் உயரத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்பலாம்.

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. காலையில் பூசியது மத்தியானத்துக்குள் வெளிறிவிடுகிறது. ஏழு நாள் நனைக்காவிட்டால் மயிரிழை வெடிப்பு வரும். அதைப் 'பட்டி' (சுவரை மட்டமாக்கும் மாப்பூச்சு) பூசி மூடலாம், ஆனால் முதல் மாரியோடு அதே கோடு திரும்பத் தெரியும். நனைக்கும் தண்ணியும் குழாய்த் தண்ணியாகவோ நல்ல கிணற்றுத் தண்ணியாகவோ இருக்க வேண்டும்.

யூன் 29

குளியலறை. தரைச் சரிவு அடிக்குக் கால் அங்குலம், வடிகாலை நோக்கி. அந்தச் சரிவைக் கீழ்ச் சாந்திலேயே கொடுக்க வேண்டும். டைல் ஒட்டும் பசையைத் தடிப்பாக்கிச் சரிவு எடுப்பது மேசன்மாரின் சோம்பல், பிறகு பசை சுருங்கித் தண்ணி தேங்கும். நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. சுவரில் ஓரடி, ஷவர் பக்கம் ஆறடி. குழாய் சுவரை விட்டு வெளியே வரும் வளையத்தில் வலைத்துணி பதிக்க வேண்டும். ஒழுக்கு அநேகமாக அங்கேதான் பிறக்கும். வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணி 24 மணித்தியாலம் நின்று மட்டம் குறையாவிட்டால்தான் டைல்.

யூலை 20

தரை டைல். பதிக்குமுன் ஈரச் சோதனை: ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைத் தரையில் நாலு பக்கமும் நாடாவால் ஒட்டி ஓர் இரவு விட வேண்டும். காலையில் உட்பக்கம் வியர்த்திருந்தால் அல்லது கொங்கிறீற் கறுத்திருந்தால் இன்னும் காய வேண்டும்.

பழைய செரமிக் டைலைத் தண்ணியில் ஊறவைத்து, சாந்தின்மேல் சீமெந்துத் தூள் தூவி வைக்கும் பழக்கம் கை விட்டுப் போகவில்லை. போர்சலினுக்கு அது ஆகாது. போர்சலின் தன் எடையில் அரை வீதத்துக்கு மேல் தண்ணி குடிக்காது, அதனால் சீமெந்துப் பாலுக்குப் பிடிக்க இடமில்லை. ஓரிரு வருடத்தில் தட்டினால் 'டொக்' என்று வெறும் ஒலி கேட்கும். பசைதான் வேண்டும்: 10 மி.மீ. பல்லுக் கரண்டியால் தரையில் ஒரே திசையில் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லிசாகத் தடவ வேண்டும். இந்த அறைக்கு 20 கிலோ மூடை ஐந்து. பத்து டைலுக்கு ஒன்றைக் கிளப்பிப் பார்ப்பது நல்லது. பசை நாலு மூலைக்கும் போகவில்லையென்றால் கரண்டி தேய்ந்திருக்கிறது, அல்லது கச்சானில் பசைக்குத் தோல் விழுந்துவிட்டது. ஒரு தடவையில் ஆறு டைலுக்கு மேல் இழுக்க வேண்டாம், யன்னலும் பூட்டியிருக்கட்டும்.

சுவரோர வெளிக்குள் சாந்து விழுந்தால் வாரி எடுத்துவிட வேண்டும். வெயிலில் விரியும் தரைக்கு அந்த 11 மி.மீ. இல்லாவிட்டால், ஒரு மத்தியானம் நடு அறையில் இரண்டு டைல் கூரைபோல் எழும்பி நிற்கும்.

ஓகஸ்ட் 17

குசினி. மேடைக்கு மாபிள் கேட்பவர்கள் உண்டு. மாபிள் சுண்ணாம்புக் கல் உருமாறி வந்த கல். புளித்தண்ணியும் தேசிக்காயும் பட்ட இடம் மங்கும், எந்தச் சீலரும் நெடுநாள் காக்காது. 20 மி.மீ. கிறனைட் போதும். டைல்களுக்கு நடுவே நிரப்பும் வெள்ளை இடைச்சாந்தில் மஞ்சள் ஏறும், மேடைக்குப் பின்சுவரில் மட்டுமாவது எபொக்சி இடைச்சாந்து போடலாம்.

அலுமாரிக்கு மெலமைன் பலகையை (மெலமைன் தாள் ஒட்டிய மரத்தூள் பலகையை) கழுவுதொட்டிக்குக் கீழே போடுவது வீண். ஓரத்தில் ஒரு சொட்டு உள்ளே போனால் பலகை ரொட்டிபோல் ஊதும், பிறகு சுருங்காது. அந்த ஒரு பெட்டியையாவது 18 மி.மீ. நீர்தாங்கும் பிளைவுட்டில் அல்லது அலுமினியத்தில் செய்ய வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் 4 அங்குலப் பிளாஸ்ரிக் கால். தரை கழுவுகிற ஊரில் பலகை நிலத்தைத் தொடக் கூடாது.

ஓகஸ்ட் 31

பிணைச்சல், கைப்பிடி, திருகாணி. பித்தளை, அல்லது 316 தர ஸ்டெயின்லெஸ். 304 தரம் கடலோரத்தில் தேநீர்க் கறைபோல் துருப் பிடிக்கும். காந்தம் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, எழுதித் தரச் சொல்லி வாங்க வேண்டும். பித்தளைப் பிணைச்சலுக்கு இரும்புத் திருகாணி போட்டால் ஆணி முதலில் தின்னப்படும்.

கதவுக்குப் பக்கங்களில் 3 மி.மீ., கீழே 6 மி.மீ. வெளி. கச்சானில் இறுக்கமாகச் சீவிப் பூட்டிய கதவு கார்த்திகையில் திறக்காது. கதவின் மேல்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வார்னிஷ் பூசினார்களா என்று கண்ணாடி பிடித்துப் பார்க்கலாம். ஈரம் குடிப்பது அங்கேதான், கண்ணுக்குத் தெரியாததால் பூசாமல் விடுவதும் அங்கேதான்.

செப்டெம்பர் 14

பெயின்ற். பூச்சுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, 28 நாளே குறைந்தபட்சம். காரம் தாங்கும் பிரைமர் ஒரு கை, இமல்ஷன் இரண்டு கை. பத்தடி உயர அறைக்குக் கதவு யன்னல் கழித்து ஏறக்குறைய 460 சதுர அடி, அதாவது 43 சதுர மீற்றர். லீற்றருக்கு 10 சதுர மீற்றர் கணக்கில் இரண்டு கைக்கு 8.6 லீற்றர், 10 லீற்றர் வாளி ஒன்று. ஐப்பசி மழைக்குமுன் முடிய வேண்டும்.

மிச்ச டைல் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பச் எண், பெயின்ற் நிறக் குறியீடு, இடைச்சாந்தின் நிறம் மூன்றும் எழுதி மின்மானிப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியாயிற்று.