பக்கத்துக் கட்டிலில் வேறு சாமி: துபாய் அறைவாசிகளுக்கு

துபாயில் சத்வா, கராமா, தேரா பக்கம் ஒட்டியிருக்கும் பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில் வாடகைக்கு) சீட்டுகளைக் கொஞ்சம் நின்று படியுங்கள். 'தமிழ் பேச்சிலர், சைவம் மட்டும்.' 'முஸ்லிம்கள் மட்டும்.' 'கிறிஸ்டியன் ஃபேமிலியோடு தங்க ஒரு பெண்.' இதில் சைவம் என்பது பல நேரம் சாப்பாட்டைப் பற்றியதே இல்லை. போன் போட்டால் முதலில் பேர் கேட்பார்கள், அடுத்து ஊர், அதற்கும் அடுத்து ஊரில் எந்தத் தெரு. மதத்தையும் சாதியையும் நேராகக் கேட்கக் கூசுகிறவர்கள் இப்படிச் சுற்றி வருகிறார்கள். கடல் தாண்டி வந்தும் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறோமே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

அமீரகத்தின் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2015-இல் வந்த கூட்டாட்சி ஆணைச் சட்டம் எண் 2 மதம், பிரிவு, சாதி, இனம், நிறம் என்று எதன் பேரில் பாகுபாடு காட்டினாலும் குற்றம் என்றது. 2023-இல் எண் 34 அதன் இடத்துக்கு வந்தது. சிறையும் உண்டு, லட்சக்கணக்கான திர்ஹம் அபராதமும் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனாவையும் முஸ்லிம்களையும் முடிச்சுப் போட்டுப் பதிவிட்ட இந்தியர்கள் சிலர் வேலையை இழந்தார்கள். பாகுபாடு நம் பண்புக்கும் சட்டத்துக்கும் விரோதம் என்று அன்றைய இந்தியத் தூதர் பவன் கபூரே வெளிப்படையாக எழுத வேண்டி வந்தது.

ஆனால் அறைக்குள் சண்டை இவ்வளவு பெரிய விஷயத்தில் தொடங்குவதில்லை. அடுப்படியில் தொடங்குகிறது. கடையில் கிடைக்கும் கோழியும் ஆடும் ஹலால் என்பதால் அதில் தகராறு குறைவு. மாட்டிறைச்சியும் பன்றியும்தான் பிரச்சினை. ஆறு பேர், ஒரே ஃப்ரிட்ஜ். மேல்தட்டில் வைத்த கறி உருகி, கீழே இருக்கும் தயிரில் சொட்டும். அங்கே கிளம்பிய கோபம் நேராக மதத்தில் போய் நிற்கும். ஆகவே கறி எதுவானாலும் மூடியுள்ள டப்பாவில், கீழ்த்தட்டில்தான். சர்ச்சைக்குரிய கறிக்கு ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு கத்தி, ஒரு வெட்டுப்பலகை தனியாக வாங்கி, பிடியில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். டேப் இல்லாவிட்டால் புதிதாக வந்தவர் தெரியாமல் எடுத்துச் சாம்பார் வைத்துவிடுவார். பிறகு யார் சொன்னாலும் அது தெரியாமல் நடந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

மெஸ் கணக்கையும், அதாவது அறைவாசிகள் சேர்ந்து சமைக்கும் செலவையும், முதல் நாளே பிரித்துவிடுவது நல்லது. அரிசி, எண்ணெய், கேஸ், தண்ணீர் பொது. கறி அவரவர் செலவு. நான் சாப்பிடாத மாட்டுக்கறிக்கு என் காசா என்ற கேள்விதான் பல மெஸ்களை உடைத்திருக்கிறது.

நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் மக்ரிபுக்கு (சூரியன் மறையும் நேரம்) முந்தைய ஒரு மணி நேரம் அடுப்பு நோன்பாளிக்கு. விடியுமுன் சாப்பிடும் ஸஹர் சாப்பாட்டை முந்தின இரவே ஆக்கிவைத்தால் விடியற்காலைப் பாத்திரச் சத்தம் இருக்காது. அலாரத்தை வைப்ரேஷனில் வைத்துத் தலையணைக்கடியில் போட்டுக்கொள்ளலாம். தொழுகை விரிப்புக்கு வேண்டியது நாலடிக்கு இரண்டரை அடி இடம். கட்டில் போடும்போதே கிப்லா (தொழும் திசை) பக்கம் பார்த்து அதை விட்டுவிட வேண்டும். இதே கணக்கு கார்த்திகையில் மாலை போட்டவருக்கும் உண்டு. விடியுமுன் குளிப்பார், ஆறு பேருக்கு ஒரே குளியலறை, எனவே நேரம் எழுதி ஒட்டுங்கள். தவக்கால வெள்ளியில் கறி தொடாதவருக்கு அன்று ஒரு காய்க்குழம்பு. சாம்பிராணியும் ஊதுபத்தியும் பால்கனியிலோ திறந்த ஜன்னல் பக்கமோதான். புகை பட்டு அலாரம் அலறினால் வாட்ச்மேன் வருவார், கூடவே பழி வரும். சலுகை ஒரு மதத்துக்கு மட்டும் என்று ஆனால் அந்த ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்காது.

அடுத்தது வாட்ஸ்அப். இரவு டியூட்டி முடிந்து வந்து, ஊர்க் குரூப்பில் வந்ததை மெஸ் குரூப்பில் தட்டிவிடுகிறார்கள். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது. அது எங்கே கிளம்பியது என்று அனுப்புகிறவருக்கே தெரியாது. அட்மின் அதை எல்லோருக்கும் அழிக்கலாம், அனுப்பியவரும் இரண்டு நாளைக்குள் அழிக்கலாம். ஆனால் அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அழித்தும் பயனில்லை.

அழித்த கையோடு அட்மின் தனியாகப் போன் போட வேண்டும். "அண்ணே, இது மெஸ் குரூப். இது இங்க வேணாம்ணே" என்பது போதும். "பாய் வருத்தப்படுவாரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் தடுத்தது பாய்தான் என்று ஆகி, அடுத்த நாள் காலை அவருக்கு வணக்கம்கூட இருக்காது. இது எல்லோருக்குமான விதி என்றே நிற்க வேண்டும். பெரும்பாலான அட்மின்கள் இங்கேதான் தவறுகிறார்கள். காயப்பட்டவர் சத்தமில்லாமல் குரூப்பை விட்டுப் போவார். குரூப் அமைதியாகிவிட்டது என்று இவர்கள் நினைப்பார்கள். இரண்டு பேர் போன பிறகு மிச்சமிருப்பவர்கள் ஒரே மதத்துக்காரர்கள். அப்புறம் எதையும் போடலாம் என்றாகிவிடும்.

இழிவுக்கு ஆளானவர் நீங்களானால், தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், பரப்பினால் நீங்களும் சிக்குவீர்கள். பதிலுக்குத் திட்டி வாய்ஸ் நோட் போடக் கூடாது, அதுவே உங்கள் மேல் வழக்காகும். அறையில் நடப்பதை ரகசியமாக வீடியோ எடுப்பதும் கூடாது. அனுமதியில்லாமல் பிறரைப் பதிவு செய்வது இங்கே தனிக் குற்றம். மிரட்டல், மத இழிவு என்றால் துபாய் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் பதியலாம். அவசரமில்லாத விஷயத்துக்கு 901.

அறையை விட்டே துரத்தினால் நிலைமை கடினம். உள்வாடகை அறைகளில் இஜாரி (அரசிடம் பதிந்த வாடகை ஒப்பந்தம்) உங்கள் பேரில் இருக்காது. தடுப்பு போட்ட அறையே பல இடங்களில் சட்டவிரோதம். துரத்துகிறவருக்கும் இது தெரியும், அதுதான் அவருடைய தைரியம். அதனால் சேரும்போதே அட்வான்ஸ் தொகையையும் காலி செய்ய எத்தனை நாள் அவகாசம் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். கோபத்தில் அன்றிரவே பெட்டியைத் தூக்கினால் அட்வான்ஸ் போய்விடும். கம்பெனி கேம்ப் (தொழிலாளர் குடியிருப்பு) என்றால் அதன் பொறுப்பாளரான கேம்ப் பாஸிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, மனிதவளப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்பி, அறை மாற்றம் இழிவுபடுத்தியவருக்கு என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவரைத்தான் மாற்றுவார்கள், அதுதான் அவர்களுக்குச் சுலபம். அந்த ஒரு வரியை விடாமல் எழுதுங்கள்.