பாலசுந்தரம் பேச வேண்டும்

2024 அக்டோபர் 2, புதன்

காந்தி பிறந்தநாள் சொற்பொழிவுக்கு மாலையில் போயிருந்தேன். புரட்டாசி என்பதால் மண்டபத்தில் பாதிப் பேர் விரதக்காரர்கள். பேச்சு தொடங்கும் முன்பே சுண்டலும் தேநீரும் வந்துவிட்டன. பேசியவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். கையில் தாள் இல்லை, குரலில் அலங்காரம் இல்லை. ஆனாலும் பின்வரிசை வரை ஒருவரும் அசையவில்லை.

ஒரு புத்தகம் மனிதனை என்ன செய்யும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1904-இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறிய காந்தியிடம், வழியனுப்ப வந்த நண்பர் போலக் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ நூலைக் கொடுத்தார். 24 மணி நேரப் பயணம். எடுத்த புத்தகத்தைக் காந்தியால் கீழே வைக்க முடியவில்லை. மாலையில் டர்பனில் இறங்கியவருக்கு அன்றிரவு உறக்கமும் இல்லை. வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்றும், உழுபவரும் கைத்தொழில் செய்பவரும் வாழ்வதே வாழத்தக்க வாழ்வு என்றும் அந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். அப்படியே வாழ்வது என்று முடிவு செய்தார். நீரூற்றும் சில ஆரஞ்சு மரங்களும் மாமரங்களும் இருந்த 20 ஏக்கர் நிலம், பக்கத்தில் 80 ஏக்கர், மொத்தம் 1000 பவுன். டர்பனுக்குப் பக்கத்தில் காந்தி அமைத்த நம் ஃபீனிக்ஸ் குடியிருப்பு பிறந்த கதை இது.

கேள்வி நேரத்தில் இனாண்டாவிலிருந்து வந்த ஒரு ஜூலு இளைஞர் எழுந்தார். காந்தி தம் தொடக்க காலத்தில் ஆப்பிரிக்க மக்களைப் பற்றி எழுதியவற்றைப் பேராசிரியர் படித்திருக்கிறாரா என்று கேட்டார். படித்திருப்பதாகவும், அவை இழிவான சொற்கள் என்றும், அவற்றை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது என்றும் பேராசிரியர் பதில் சொன்னார். சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. குறையைச் சொல்லியும் கற்பிக்க முடிகிறவர்தான் ஆசிரியர்.

அக்டோபர் 4, வெள்ளி

பேச்சு இன்னும் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘சத்திய சோதனை’யை எடுத்து ரஸ்கின் அத்தியாயத்தைப் படித்தேன். பிறகு பின்னோக்கிப் புரட்டினேன். பாலசுந்தரம் வந்தார்.

1894. காந்தி டர்பனில் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. கந்தல் உடையோடு ஒரு தமிழர் அவர் முன்னால் வந்து நிற்கிறார். முன்பற்கள் இரண்டு உடைந்திருக்கின்றன. வாயிலிருந்து இரத்தம் வழிகிறது. உடல் நடுங்குகிறது. தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறார். டர்பனில் பெயர்பெற்ற ஒரு வெள்ளையரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். அடித்தவர் அந்த எஜமானர்தான். காந்தியின் எழுத்தரும் தமிழர். அவர் வழியாகத்தான் நடந்தது முழுவதும் தெரிகிறது.

மருத்துவரின் சான்றிதழ், நீதிபதியிடம் வாக்குமூலம், எஜமானருக்கு அழைப்பாணை என்று வழக்கு வேகமாக நடக்கிறது. என்னை நிறுத்தியது அத்தியாயத்தின் கடைசிப் பகுதி. வெள்ளையர் முன்னால் போகும் இந்தியர் தொப்பியோ தலைப்பாகையோ துண்டோ எதுவானாலும் கழற்றியாக வேண்டும். இரு கையால் வணங்கினாலும் போதாது. அந்த வழக்கத்தைக் காந்தியிடமும் காட்ட வேண்டும் என்று பாலசுந்தரம் நினைத்திருக்கிறார். காந்திக்கு அவமானமாக இருக்கிறது. துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். சற்றுத் தயங்கிவிட்டுக் கட்டிக்கொள்கிறார் பாலசுந்தரம். அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்று எழுதுகிறார் காந்தி.

ரஸ்கினுக்குப் பத்து ஆண்டு முந்தியது இது. நாவிதரும் வழக்கறிஞரும் சமம் என்று ரயிலில் படித்தபோது அவருக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது. தம் அலுவலகத்தில் நடுங்கி நின்ற ஒருவர் அதை ஏற்கெனவே கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ரயில் கதையை எல்லாரும் சொல்கிறோம். நான் படித்த பள்ளியிலும் சொன்னார்கள். பாலசுந்தரத்தின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அக்டோபர் 6, ஞாயிறு

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் இன்று பாடப் புத்தகத்தை எடுக்கவில்லை. பாலசுந்தரத்தின் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் இந்த ஒன்றரை மணி நேரம்தான். அதனால் மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் பற்கள் உடைந்த இடத்தில் வகுப்பு அடங்கிவிட்டது.

“ஏன் டீச்சர் அவர் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை?” என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. சாதாரண வேலைக்காரர் சொல்லாமல் நின்றுவிட்டால் எஜமானர் உரிமையியல் வழக்குத்தான் போட முடியும். ஒப்பந்தக் கூலி நின்றுவிட்டால் குற்றவியல் வழக்கு, சிறை. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. எஜமானரை மாற்றவேண்டுமானால் ஒப்பந்தக் கூலிகளுக்கென்று அரசு வைத்த காப்பாளர் இசைய வேண்டும், அல்லது எஜமானரே விட வேண்டும். கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

“அப்படியென்றால் அவர் அடிமையா?” என்றாள் முன்வரிசைப் பெண். பிரிட்டிஷ் வரலாற்றாளர் சர் வில்லியம் ஹன்டர் இந்த முறையை அடிமைத்தனத்துக்குச் சற்றே குறைந்தது என்றார் என அந்த அத்தியாயத்திலேயே இருக்கிறது. அதைச் சொன்னேன். அவளுக்கு ‘சற்றே’ பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

அக்டோபர் 12, சனி

புரட்டாசிக் கடைசிச் சனி. வீட்டில் கோவிந்தா பூஜை, வாழையிலைச் சாப்பாடு, அண்ணி குடும்பம் முழுவதும் வந்திருந்தது. எழுத நேரம் இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிய கண்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த முதல் கப்பலான ‘ட்ரூரோ’வில் 342 பேர். 1911-இல் இந்த ஏற்றுமதி நின்றபோது, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்து சேர்ந்திருந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். பயணிகள் பதிவேட்டின் பக்கங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு வரி.

பக்கத்தில் புகைப்படங்கள். வெள்ளிக் காப்பும் தண்டையும் அணிந்த பெண்கள், கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கத்தியோடு நிற்கும் ஆண்கள். பாலசுந்தரத்தை நினைத்துக்கொண்டு போனதால் என் கண் தலைகளையே பார்த்தது. வயலில் நிற்பவர்களின் தலையில் துண்டு இருக்கிறது. எஜமானர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் படத்தில் பின்னால் நிற்பவர்களின் தலையில் இல்லை. படம் எடுத்தவர் இதைக் காட்ட நினைத்திருக்கமாட்டார். ஆனாலும் காட்டிவிட்டார். ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்குச் சமமான இரண்டு படங்கள். கண்காட்சி அமைத்தவர்கள் இவற்றைத் தள்ளித் தள்ளி மாட்டியிருப்பதுதான் வருத்தம். அருகருகே வைத்திருந்தால் யாரும் விளக்கவே வேண்டியதில்லை.

அக்டோபர் 19, சனி

டால்ஸ்டாய் 1908-இல் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தைப் படித்து முடித்தேன். அடுத்த ஆண்டு காந்தி அதைக் கப்பலில் இருந்தபடியே குஜராத்தியில் பெயர்த்தார். அதற்குள் நம் குறள் வரிகள் வருகின்றன என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். உண்மைதான், இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து டால்ஸ்டாய் எடுத்திருக்கிறார்.

இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண
நன்னயம் செய்து விடல்.

ஆயா எனக்கு மனப்பாடம் செய்வித்த குறள், ருஷ்யாவுக்குப் போய் அங்கிருந்து ஒரு கடிதத்தில் ஏறி நம் ஊர் வழக்கறிஞரிடம் வந்திருக்கிறது. படித்ததும் கண் கலங்கிவிட்டது.

பிறகு பாலசுந்தரத்தை வைத்து இந்தக் குறளை யோசித்தேன். எஜமானரைத் தண்டிக்கவேண்டும் என்பது காந்தியின் எண்ணமாக இருக்கவில்லை. ஒப்பந்தத்தை வேறு ஒருவருக்கு மாற்றிக்கொடுத்தால் போதும் என்று கேட்டார். எஜமானர் உடனே ஒத்துக்கொண்டார். ஆனாலும் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அவர் நாணினாரா? புத்தகத்தில் அது இல்லை. ஒப்பந்தக் கூலியை இந்தியர் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், பாலசுந்தரம் போனது இன்னொரு வெள்ளையரிடம். நல்லவரிடம்தான் போனார். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஒரு மனிதரின் அன்பால் ஒரு மனிதரைக் காப்பாற்றலாம். இந்த முறையை முடிக்க அது போதவில்லை. குறளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வேன்.

அக்டோபர் 26, சனி

‘ட்ரூரோ’ வந்த நாளான நவம்பர் 16 விழாவுக்கான குழுக் கூட்டம். வழக்கம்போல, காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையக் காட்சியைத்தான் நாடகமாகப் போட வேண்டும் என்றார்கள். பாலசுந்தரம் காட்சி வேண்டும் என்று நான் கேட்டேன். விவாதம் நீண்டது. முடிவில் பத்து நிமிடம் கிடைத்தது.

அடுத்த சிக்கல் மொழி. தமிழில் பேசினால் பார்ப்பவர்களில் பலருக்குப் புரியாது என்றார் ஓர் அண்ணன். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டமே பெயர் சொல்லி மதிக்கச் சொன்ன மொழி இது. பாலசுந்தரம் வேறு எந்த மொழியில் அழுதிருப்பார்? புத்தகமே வழி காட்டியது. அந்த எழுத்தர் இருக்கிறாரே! பாலசுந்தரம் தமிழில் பேசட்டும், எழுத்தர் ஆங்கிலத்தில் காந்திக்குச் சொல்லட்டும், சபையும் கேட்டுக்கொள்ளட்டும் என்றேன். அந்த அண்ணனே முதலில் தலையாட்டினார்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி முடிந்து வகுப்பு. எழுத உட்கார்ந்தால் ஒரு பெரிய இடைவெளி. அந்த அத்தியாயம் முழுவதிலும் பாலசுந்தரம் தம் வாயால் பேசும் வசனம் ஒன்றுகூட இல்லை. அடிபட்டவர், அழுதவர், மகிழ்ந்தவர், பேசியவராக இல்லை. எனவே வசனத்தைப் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன்.

பெரும்பாலோர் “ஐயா, என்னைக் காப்பாற்றுங்கள்” என்றே எழுதினார்கள். முன்வரிசைப் பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள்: “ஐயா, என் பெயர் பாலசுந்தரம். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.” அதுதான் நாடகத்தின் முதல் வசனம். ஒரு எழுத்தையும் நான் திருத்தவில்லை.

நவம்பர் 16, சனி

நாடகம் நடந்தது. பாலசுந்தரமாக நடித்த பையன் துண்டைக் கட்டும்போது கை நடுங்கி முடிச்சு விழவில்லை. சபை பொறுமையாகக் காத்திருந்தது. அந்தத் தாமதம் ஒத்திகையில் இல்லாதது. நாங்கள் திட்டமிட்டதை எல்லாம்விட அதுவே நன்றாக அமைந்தது. டோங்காட்டிலிருந்து வந்த ஒரு பெரியம்மா மேடைக்குப் பின்னால் வந்து அவன் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டுப் போனார்.

நவம்பர் 17, ஞாயிறு

பிள்ளைகள் அடுத்த கதை கேட்கிறார்கள். வள்ளியம்மை என்று சொல்லிவிட்டேன். ‘தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம்’ நூலில் அவளைப் பற்றி வருவது கொஞ்சம்தான். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பதினாறு வயதுப் பெண், சிறையிலிருந்து கொடுங்காய்ச்சலோடு திரும்பியவள். உயரமான உடல் மெலிந்து கிடந்த காட்சி பார்க்கப் பயங்கரமாக இருந்தது என்கிறார் காந்தி. சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று கேட்கிறார். இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்கிறாள். இறக்க நேர்ந்தால்? அதைப் பற்றிக் கவலையில்லை, தாய்நாட்டுக்காக உயிர்விட விரும்பாதவர் யார் என்கிறாள். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். ஒப்பந்தம் முடிந்தவர்களைப் பிழிந்த மூன்று பவுன் வரி அந்த ஆண்டே நீங்கியது.

நம் ஊரில் அவளைப் படமாக்கி மாலை போட்டுத் தெய்வம்போல் வைத்துவிடுகிறோம். எனக்கு அந்தக் காய்ச்சல்காரப் பெண் வேண்டும், காந்தி கேட்டதற்கு நேராகப் பதில் சொன்ன பெண். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாலசுந்தரம் நடுங்கி நின்று இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த இருபது ஆண்டில் நம்மவர்கள் எவ்வளவு தூரம் நடந்துவிட்டார்கள்! அவர்களுக்குக் காந்தி கற்பித்தார் என்பது சரி. அவர்களிடம் அவர் கற்றதையும் அடுத்த ஆண்டு சொற்பொழிவில் யாராவது பேச வேண்டும். பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

வள்ளியம்மையின் கல்லறை ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டீனில் இருக்கிறது. பிப்ரவரி 22-ஐ ஒட்டிப் பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டும் என்பது என் ஆசை. வேன் வாடகைக்குக் குழுவிடம் நாளை கேட்கிறேன். அங்கே இருக்கும் அண்ணன் இரவு தங்க இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்.